ஜவ்வு கிழிஞ்ச முட்டியில ஊசி குத்தி கிரவுண்டுக்கு அனுப்பாதீங்க

1/
அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை பக்கம் கபடி ஆடற தம்பி தங்கச்சிகள், மாடு பிடிக்கிற பசங்க, அவங்களைப் பெத்தவங்க, டீம் நடத்துற அண்ணன்கள், பி.டி. வாத்தியார்கள் எல்லாருக்கும் இந்த இழை. நீளமா இருக்கும். கொஞ்சம் கோபமாவும் இருக்கும். முழுசாப் படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

2/
நான் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர். எலும்பு ஸ்பெஷலிஸ்ட் கிடையாது. ஆனா முட்டி வீங்கினா, தோள் இறங்கினா, கரண்டை பிசகினா முதல்ல வர வேண்டிய இடம் எங்க ஓபிதான். இப்போ பல பேர் எங்ககிட்ட ரெண்டாவதா, மூணாவதாத்தான் வர்றாங்க. முதல்ல போறது அக்குபஞ்சர் ஊசி குத்துற இடத்துக்கு.

3/
கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ரைடு போன பையன் கோட்டுக்குத் திரும்புறான். ஊனின கால் ஊனினபடி நிக்குது, உடம்பு மட்டும் திரும்புது. முட்டிக்குள்ள 'டப்'னு ஒரு சத்தம். ராத்திரிக்குள்ள முட்டி பந்து மாதிரி வீங்கிடுது. மறுநாள் ஊசிக்குப் போறான். நாலஞ்சு சிட்டிங். மூணு வாரத்துல வீக்கம் வத்திடுது, நொண்டாம நடக்கிறான். 'குணமாயிடுச்சு'ன்னு சொல்லி அடுத்த டோர்னமென்ட்ல இறக்குறாங்க. முட்டி மறுபடி நழுவுது. இந்தத் தடவை உள்ள இருக்கிற மெனிஸ்கஸும் சேர்ந்து கிழியுது.

4/
உள்ள என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். முட்டிக்குள்ள ஏசிஎல்னு ஒரு ஜவ்வு இருக்கு. கீழ்க்கால் எலும்பு முன்னாடி சறுக்காம, திரும்பும்போது பிசகாம இழுத்துப் பிடிக்கிற கயிறு அது. அது அறுந்தா அதுல இருக்கிற ரத்தக்குழாயும் அறுந்து முட்டிக்குள்ள ரத்தம் கட்டும். சில மணி நேரத்துல முட்டி வீங்குறது அதனாலதான். அந்த ரத்தத்தை உடம்பு மெல்ல மெல்ல உறிஞ்சிக்கும். சில வாரத்துல வீக்கம் குறையும். ஊசி குத்தினாலும் குறையும், குத்தாட்டியும் குறையும்.

5/
காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதைதான். வீக்கம் தானா வத்துது, பேரு ஊசிக்குப் போகுது. நேரா நடக்கிறதுக்கு ஏசிஎல் பெருசாத் தேவையில்ல. அதனால தெருவுல நடக்கிறப்போ எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தெரியும். வெட்டித் திரும்பும்போதும், தாவி இறங்கும்போதும்தான் அது வேணும். அதாவது கபடி ஆடும்போது. அறுந்த கயிறு அறுந்தபடியேதான் உள்ள கிடக்கு.

6/
'அப்போ அக்குபஞ்சர் முழுக்கப் பொய்யா டாக்டர்?'னு கேப்பீங்க. அப்படிச் சொல்ல மாட்டேன். ஆய்வு என்ன சொல்லுதோ அதைத்தான் சொல்வேன், எனக்குப் பிடிச்சாலும் பிடிக்காட்டியும்.

7/
ஜெர்மனியில 2007-ல வெளியான பெரிய ஆய்வு. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 1,162 பேரை மூணு குழுவாப் பிரிச்சாங்க. முதல் குழுவுக்கு முறையான புள்ளிகள்ல ஊசி. ரெண்டாவது குழுவுக்கு, புள்ளியே இல்லாத இடங்கள்ல மேலாப்புல குத்தின போலி ஊசி. மூணாவது குழுவுக்கு மாத்திரை, பிசியோ, உடற்பயிற்சினு வழக்கமான சிகிச்சை. ஆறு மாசம் கழிச்சு நல்ல முன்னேற்றம் கண்டவங்க: நிஜ ஊசி 47.6 சதவீதம், போலி ஊசி 44.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை 27.4 சதவீதம்.

8/
இதுல ரெண்டு சேதி இருக்கு. ஒண்ணு, ரெண்டு ஊசியுமே எங்க வழக்கமான சிகிச்சையை முந்தியிருக்கு. எங்களுக்குக் கசக்கத்தான் செய்யும், ஆனா உண்மை. ரெண்டு, எங்க குத்தினாலும் கிட்டத்தட்ட ஒரே பலன்தான். அப்போ அந்தப் புள்ளி, அந்த சக்தி ஓட்டப் பாதை, சுவர்ல மாட்டியிருக்கிற அந்தப் படம், இதெல்லாம் பெருசா எந்த வேலையும் செய்யல. ஒருத்தர் நேரம் ஒதுக்கிக் கேட்கிறது, தொடுறது, நம்பிக்கை தர்றது, ஊசி குத்துறப்போ நரம்புல வர்ற தூண்டல், இவ்வளவும் சேர்ந்து வலியைக் குறைக்குது.

9/
நாள்பட்ட வலிக்கு இது பிரயோஜனப்படலாம். இங்கிலாந்தோட நைஸ் அமைப்பு 2021-ல, தெளிவான காரணம் புலப்படாத நாள்பட்ட வலிக்கு அக்குபஞ்சரைப் பரிசீலிக்கலாம்னு சொல்லியிருக்கு. அதே அமைப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு வேண்டாம்னும் சொல்லுது. ஆக ஒரு இடத்துல உதவுறது எல்லா இடத்துலயும் உதவும்னு அர்த்தம் இல்ல.

10/
இப்போ இந்த இழையோட மையமான ஆய்வுக்கு வர்றேன். இது ஆஸ்துமா பத்தினது. முட்டிக்கும் ஆஸ்துமாவுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க, பொறுங்க. 2011-ல அமெரிக்காவுல ஆஸ்துமா நோயாளிகளுக்கு நிஜ இன்ஹேலர், மருந்து இல்லாத போலி இன்ஹேலர், போலி அக்குபஞ்சர், ஒண்ணுமே தராம உட்கார வைக்கிறதுனு நாலு விதமா மாத்தி மாத்திக் கொடுத்துப் பார்த்தாங்க.

11/
'எப்படி இருக்கு?'னு கேட்டப்போ நிஜ இன்ஹேலர், போலி இன்ஹேலர், போலி ஊசி மூணுமே கிட்டத்தட்ட ஒரே அளவு நிம்மதி தந்ததா சொன்னாங்க. ஆனா கருவியில ஊதச் சொல்லி நுரையீரலை அளந்தப்போ? நிஜ மருந்துக்கு 20 சதவீதம் முன்னேற்றம். மத்த மூணுக்கும் 7 சதவீதத்தை ஒட்டித்தான். ஒண்ணுமே தராதவங்களும் அதே 7தான்.

12/
நோயாளி பொய் சொல்லல. நிஜமாவே நல்லா இருக்கிற மாதிரி உணர்ந்தாங்க. நுரையீரல் மட்டும் நல்லாகல. இதை அப்படியே முட்டிக்கு வெச்சுப் பாருங்க. 'வலி இல்ல சார், இறங்குறேன்'னு பையன் சொல்றது உண்மை. ஜவ்வு ஒட்டிடுச்சுங்கிறது உண்மை இல்ல. வீட்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெருசாப் படாம போகலாம். 70, 80 கிலோ ஆள் காலைப் பிடிச்சு இழுக்கப் போற ரைடருக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாமே.

13/
'உலக சுகாதார நிறுவனமே சுளுக்குக்கு அக்குபஞ்சர் நல்லதுன்னு பட்டியல் போட்டிருக்கு'ன்னு ஒரு வாட்ஸ்அப் படம் சுத்துது. பட்டியல் நிஜம்தான், 2003-ல வந்தது. அதுக்கு எடுத்துக்கிட்ட ஆய்வுகள் 1999 தொடக்கம் வரைக்கும் வந்தவை. அதுக்கப்புறம் 2014-ல கோக்ரேன் குழு, கணுக்கால் சுளுக்குக்கு அக்குபஞ்சர் தந்த 20 ஆய்வுகளை அலசிப் பார்த்தாங்க. ஆய்வுகளோட தரம் குறைவு, பலன் இருக்குன்னு நம்பிச் சொல்ல முடியாதுன்னு முடிச்சாங்க. பழைய படத்தை ஃபார்வர்ட் பண்றவங்க இதைப் பண்றதில்ல.

14/
ஆனா எனக்கு ஊசி மேல இருக்கிற கோபத்தை விட, ஊசியோட சேர்ந்து வர்ற பேச்சு மேலதான் கோபம் அதிகம். நம்ம ஊர்ல பல இடத்துல ஊசி கூடக் கிடையாது, விரலால ஒரு தொடுதல்தான். அதோட ஒரு உபதேசம்: 'வலிங்கிறது கழிவு வெளியேறுற அறிகுறி. எக்ஸ்ரே வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், மாத்திரை விஷம். உடம்பு தன்னைத்தானே சரி பண்ணிக்கும்.'

15/
அறுந்த ஜவ்வுல என்ன கழிவு வெளியேறுது? விரிசல் விட்ட எலும்புல என்ன கழிவு? பதினஞ்சு வயசுப் பையனுக்கு முட்டிக்கு மேல ராத்திரி ராத்திரி வலி, வீக்கம் கூடிக்கிட்டே போகுதுன்னா அது எலும்புப் புற்றுநோயாக்கூட இருக்கலாம். அரிதுதான். ஆனா அந்த வயசுல அது அதிகமா வர்ற இடமே முட்டியைச் சுத்தித்தான். ஒரு எக்ஸ்ரே எடுத்தா சந்தேகம் வந்துடும். 'எக்ஸ்ரே வேண்டாம்'னு சொன்ன ஆள், அந்தப் பையனோட காலையும் உயிரையும் வெச்சு சூதாடுறார். இதை இதுக்கு மேல மென்மையாச் சொல்ல எனக்குத் தெரியல.

16/
ஊசிக்குப் பக்கவிளைவே இல்லைங்கிறதும் பொய். டோரின் யேட்டர்-வாலஸ், அமெரிக்க பனிச்சறுக்கு வீரர். 2013 கடைசியில விலா வலிக்கு ஊசி குத்திக்கிட்டார். ஊசி நுரையீரலைத் துளைச்சு, நுரையீரல் சுருங்கிப் போச்சு. சோச்சி ஒலிம்பிக்ஸுக்குச் சில மாசம்தான் பாக்கி. தோள்பட்டை, விலா, முதுகு மேல்பகுதியில தோலுக்கும் நுரையீரலுக்கும் நடுவுல ரொம்ப கம்மியான இடம்தான். நம்ம பசங்க உடம்பு ஒல்லி, இன்னும் கம்மி. அந்த இடத்துல குத்தின பிறகு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ உடனே 108-க்கு அடிங்க. ஒருத்தருக்குக் குத்தின ஊசியை இன்னொருத்தருக்குக் குத்தினா மஞ்சள் காமாலை பி, சி ரெண்டும் பரவும்ங்கிறதையும் மறக்காதீங்க.

17/
'அரசாங்கமே அங்கீகரிச்சிருக்கே?' ஆமா. 2003 நவம்பர்ல மத்திய சுகாதார அமைச்சகம் அக்குபஞ்சரை ஒரு சிகிச்சை முறையா ஏத்துக்கிச்சு. பதிவு பெற்ற மருத்துவரோ, முறையான பயிற்சி பெற்றவரோ செய்யலாம்னுதான் சொல்லிச்சு. மேற்கு வங்காளம் 1996-லயே தனிச் சட்டம் போட்டு ஒழுங்குபடுத்திச்சு. சில வார ஞாயித்துக்கிழமை வகுப்புக்குப் போய் சர்டிபிகேட் வாங்கினவர், பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டு எலும்பு முறிவு பார்க்கலாம்னு எந்த உத்தரவும் சொல்லல.

18/
இந்தியாவுக்கு அக்குபஞ்சரைக் கொண்டு வந்தது யார் தெரியுமா? டாக்டர் பிஜய் குமார் பாசு. 1938-ல டாக்டர் கோட்னிஸோட சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவுல இருந்தவர். 1958-ல மறுபடி சீனாவுக்குப் போய் கத்துக்கிட்டு வந்து, 1959-ல கல்கத்தாவுல ஆரம்பிச்சார். அவர் முதல்ல முழு மருத்துவப் படிப்பு முடிச்ச டாக்டர். நோய் என்னன்னு கண்டுபிடிக்கத் தெரிஞ்ச கையில ஊசி இருந்துச்சு. இப்போ நம்ம தெருவுல ஊசி இருக்கு, கண்டுபிடிக்கிற வேலையைத்தான் காணோம்.

19/
இப்போ எங்க பக்கத்து அழுக்கையும் பேசணும். இல்லாட்டி இந்த இழைக்கு மரியாதை இல்ல. மேட்ச் அன்னிக்குக் காலையில டைக்ளோ, டெக்சா ஊசி போட்டு ஆட அனுப்புறவங்களும் இதே தப்பைத்தான் செய்யறாங்க. வலிங்கிற மணியோட நாக்கை அறுத்துட்டு, மணி அடிக்கலைன்னு சந்தோஷப்படுறது. இன்னொண்ணு, டெக்சா ஸ்டீராய்டு. 2022 ஜனவரி 1-லேர்ந்து போட்டிக் காலத்துல ஸ்டீராய்டு எந்த வகை ஊசியாப் போட்டாலும் ஊக்கமருந்து விதிப்படி தடை. ஊசி என்னன்னு தெரியாம போட்டுக்கிட்ட பையன்தான் மாட்டுவான், போட்டவர் மாட்ட மாட்டார்.

20/
'2022 நவம்பர்ல சென்னையில முட்டி ஜவ்வு ஆபரேஷனுக்கு அரசு மருத்துவமனை போன 17 வயசு கால்பந்து வீராங்கனை என்ன ஆனாங்க?'ன்னு கேப்பீங்க. கேட்கணும். இறுக்கிக் கட்டின கட்டால ரத்த ஓட்டம் நின்னு, காலை எடுத்து, கடைசியில உயிரே போச்சு. அதை மறைக்கிற எந்த டாக்டரும் டாக்டர் இல்ல. அங்க கேஸ் ஷீட் இருந்துச்சு, விசாரணை நடந்துச்சு, கவனக்குறைவுன்னு வெளியில வந்துச்சு, ரெண்டு டாக்டர்கள் சஸ்பெண்ட் ஆனாங்க, போலீஸ் வழக்கு வந்துச்சு. அந்தப் பொண்ணு திரும்பி வரல. ஆனா கேள்வி கேட்க ஒரு இடமாவது இருந்துச்சு. ஊசிக் கடையில எந்த நோட்டுல உங்க பேர் இருக்கு?

21/
எங்க மருத்துவம் தப்பே பண்ணாததுன்னு நான் சொல்லல. தப்புன்னு தெரிஞ்சா மாத்திக்குது. அடிபட்ட இடத்துல ஓய்வு, ஐஸ்னு 1978-ல எழுதிப் பிரபலமாக்கின அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே, பின்னாடி ஐஸ் குணமாகுறதைத் தாமதப்படுத்தலாம்னு தன் கருத்தை மாத்தி எழுதினார். ஆய்வு வந்துச்சு, மாத்திக்கிட்டார். போலி ஊசியும் நிஜ ஊசியும் ஒண்ணுன்னு ஆய்வு வந்த பிறகு, சுவர்ல இருக்கிற அந்தப் படத்துலேர்ந்து எத்தனை புள்ளியை அழிச்சிருக்காங்க?

22/
சரி, அடிபட்டா என்ன பண்ணணும்? குறிச்சு வெச்சுக்கோங்க. கரண்டை பிசகினா: ஊனி நாலு அடி எடுத்து வைக்க முடியலைன்னாலோ, கணுக்கால் ரெண்டு பக்க எலும்போட பின்விளிம்பை அமுக்கினா வலிச்சாலோ, பாத நடுவுல எலும்பு மேல அமுக்கினா வலிச்சாலோ எக்ஸ்ரே எடுக்கணும். கனடாவுல ஒட்டாவா நகரத்து டாக்டர்கள் 1992-ல கொடுத்த விதி இது. உலகம் முழுக்க நடைமுறையில இருக்கு. இது எதுவும் இல்லைன்னா எலும்பு முறிவு இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி.

23/
முட்டி: 'டப்'னு சத்தம், சில மணி நேரத்துல வீக்கம், மடக்கி நீட்ட முடியாம பூட்டிக்கிறது, படி இறங்கும்போது நழுவுற மாதிரி உணர்வு. இதுல ஒண்ணு இருந்தாலும் டாக்டர் கையால அசைச்சுப் பார்த்து சோதிக்கணும், தேவைன்னா எம்ஆர்ஐ. தோள் இறங்கினா யாரையும் இழுக்க விடாதீங்க. அடிபட்ட பிறகு கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகி, விரல் மரத்து, வலி தாங்க முடியாம கூடிக்கிட்டே போனா, அது மணிக்கணக்குல காலையே பறிக்கிற அவசரம். மாட்டுக் கொம்பு வயித்துல, நெஞ்சுல பட்டா வெளியில கீறல் மட்டும்தான்னாலும் ஆஸ்பத்திரிதான். கொம்பு உள்ள எவ்வளவு தூரம் போச்சுன்னு தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

24/
ஜவ்வு கிழிஞ்சா எல்லாருக்கும் ஆபரேஷன்னு பயப்பட வேண்டாம். 2010-ல ஸ்வீடன்ல ஏசிஎல் கிழிஞ்ச 121 இளைஞர்களை வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரு குழுவுக்கு உடனே ஆபரேஷன். இன்னொரு குழுவுக்கு முதல்ல பயிற்சி, தேவைப்பட்டா மட்டும் பிறகு ஆபரேஷன். ரெண்டு வருஷத்துல ரெண்டு குழுவும் சமமா இருந்தாங்க, ரெண்டாவது குழுவுல பாதிக்கு மேல ஆபரேஷனே தேவைப்படல. அங்க வேலை செஞ்சது மாசக்கணக்கா ஒழுங்கா செஞ்ச தொடைப் பயிற்சி. ஊசியும் இல்ல, முட்டியில கரண்ட் மெஷின் வெச்சு பத்து நிமிஷம் படுக்கப் போடுற 'பிசியோ'வும் இல்ல.

25/
ஆபரேஷன் பண்ணினாலும் 9 மாசத்துக்கு முன்னாடி கிரவுண்டுல இறங்கினா மறுபடி கிழியற ஆபத்து அதிகம். களைப்பு தீர, தசை தேற? தூக்கம், வயித்துக்குச் சாப்பாடு, முட்டை, பயறு, பளுவைப் படிப்படியாக் கூட்டுறது. இதை விட்டுட்டு 'ரெகவரிக்கு ஊசி'ன்னு காசு கொடுக்கிறது, அடியில ஓட்டை இருக்கிற குடத்துக்கு மூடி வாங்குறது.

26/
டாக்டர் பார்த்து, என்ன அடின்னு தெரிஞ்சு, பயிற்சியும் நடக்குது. கூடவே வலிக்கு அக்குபஞ்சர் வேணுமா? தாராளமாப் போங்க. முறையாப் படிச்சவங்ககிட்ட போங்க, பிரிக்காத புது ஊசியான்னு பாருங்க. அஞ்சரை வருஷம் படிச்ச யோகா இயற்கை மருத்துவ டாக்டர்கள் அரசு மருத்துவமனைகள்லயே இருக்காங்க, அவங்க படிப்புல அக்குபஞ்சர் இருக்கு. எக்ஸ்ரே வேண்டாம்னு சொல்ற இடத்துலேர்ந்து மட்டும் எழுந்து வந்துடுங்க.

27/
கடைசியா, ஏன் பசங்க ஊசிக் கடைக்குப் போறாங்க? ஏன்னா அவர் அரை மணி நேரம் உட்கார வெச்சுப் பேசுறார். எங்க ஓபியில ரெண்டு நிமிஷம் கிடைச்சா பெருசு. முதலமைச்சர் கோப்பை நடத்துறோம், ஊராட்சிக்கு விளையாட்டுக் கிட் கொடுக்கிறோம், அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கியிருக்கோம். எல்லாம் நல்லது. ஆனா கிராமத்து டோர்னமென்ட்ல முட்டி போனா தாங்கிப் பிடிக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் உண்டா?

28/
மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல வந்தப்போ பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வந்தாங்க. படுத்த படுக்கையா இருக்கிற பெரியவங்களுக்கு அது வரம். அதே மாதிரி வாரத்துல ஒரு நாள் வட்டார அரசு மருத்துவமனையில விளையாட்டுக் காய ஓபி ஒண்ணு வேணும்னு கேக்குறேன். டோர்னமென்ட் கமிட்டி அண்ணன்களே, பரிசுக் கோப்பையோட உயரத்தைக் கொஞ்சம் குறைச்சு, அந்தக் காசுல ஒரு நாள் பிசியோவைக் கூட்டி வந்து உட்கார வைங்க.

29/
இந்த மண்ணுல ஒரு பையனோட முட்டிங்கிறது அவன் முட்டி மட்டும் இல்ல. போலீஸ் செலக்‌ஷன், ராணுவ ஆள் சேர்ப்பு, ஸ்போர்ட்ஸ் கோட்டா காலேஜ் சீட்டுன்னு ஒரு குடும்பமே அது மேல ஏறி நிக்குது. அந்த முட்டிக்குள்ள என்ன அறுந்திருக்குன்னு பார்க்காம யாரும் கை வைக்கக் கூடாது. ஊசி வெச்சிருக்கிறவரும் சரி, ஸ்டெதாஸ்கோப் வெச்சிருக்கிற நாங்களும் சரி.

30/
உங்க டீம் வாட்ஸ்அப் குரூப்புல 22, 23 ரெண்டையும் மட்டுமாவது போட்டு விடுங்க. அடுத்த மேட்ச்சுக்கு முன்னாடி.